பால் திரிந்தால் என்ன, பசு இருக்கிறதே!

(பட்டிமன்றத் தலைப்பு: இக்கால அரசியலும் பண்பாடும் கிறிஸ்தவ நம்பிக்கையால் திருத்தப்பட்டனவா? அல்லது அந்த நம்பிக்கையைத் திரித்துவிட்டனவா? ‘திருத்தப்பட்டனவே’ அணியில் நிறைவாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரிலே உட்கார்ந்திருக்கிற, ஆனால் எதிரிகள் அல்லாத அந்த அணி நண்பர்களே! வீட்டுக் கூடத்திலே பாயை விரித்துப் போட்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் தொலைக்காட்சியிலுமாக உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! 

தலைப்பைக் கேட்டதிலிருந்தே எனக்குக் கொஞ்சம் பயம். திருத்துவது, திரிப்பது. ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க! நாக்கு கொஞ்சம் குழறினால் அணி மாறிவிடும். எங்கள் அணியிலே முதலில் பேசிய தம்பி வேகத்திலே ரெண்டு இடத்திலே அந்த அணிக்காகவே பேசிவிட்டார். அவர்கள் கைதட்டினார்களே, கவனித்தீர்களா? அது பாராட்டு இல்லை தம்பி, நன்றிக்கடன்!

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க வரவில்லை. நான் தமிழ் வாத்தியார். என் அலமாரியிலே கம்பரும் இருக்கிறார், உமறுப்புலவரும் இருக்கிறார், வீரமாமுனிவரும் இருக்கிறார். இத்தனை வருஷமாக ஒரே தட்டிலே இருக்கிறார்கள். ஒரு நாள்கூட சண்டை போட்டதாகத் தெரியவில்லை. கரப்பான் பூச்சிதான் மூன்று பேரையும் சமமாகச் சாப்பிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எதிரணியின் அம்மா அவர்கள், பெரிய பேராசிரியை, ரொம்ப அழகாகப் பேசினார்கள். ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்கா. “ஐயா, பைபிளைக் கையிலே வைத்துக்கொண்டே மனிதனை நிறம் பார்த்துப் பிரித்த நாடு இது. அங்கே இருந்த பெரிய சபையின் பெயரே டச்சு சீர்திருத்தச் சபை. பெயரிலே திருத்தம், செயலிலே திரிப்பு!” என்றார்கள். கடைசியிலே ஒரு போடு போட்டார்கள்: “பால் திரிந்தால் திரிந்ததுதான். மறுபடியும் அது பாலாகுமா?” நீங்கள் எல்லாரும் தட்டிய தட்டிலே மேடையே ஆடியது.

நான் வேறு நாட்டுக்கே போகப் போவதில்லை. அம்மா கொடுத்த அதே தென்னாப்பிரிக்காவிலேயே நிற்கிறேன். அவர்கள் தேங்காயை உடைத்துக் கொடுத்துவிட்டார்கள். சட்னி அரைக்கிற வேலைதான் எனக்கு!

முதலில் அவர்கள் சொன்னதிலே உண்மை இருக்கிறதா? இருக்கிறது. ஒளிக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். 1857-லே அந்தச் சபையின் கேப் மாகாண மன்றம் கூடுகிறது. வெள்ளைக்காரரும் கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து வழிபடுவதுதான் வேதத்துக்குப் பொருத்தம் என்று ஒத்துக்கொண்டே ஒரு தீர்மானம் போடுகிறார்கள். ஆனாலும் ‘சிலருடைய பலவீனத்தை’ முன்னிட்டுத் தனித்தனியாக வழிபடலாமாம்! யாருக்குப் பலவீனம்? பக்கத்திலே கறுப்பர் உட்கார்ந்தால் பொறுக்காதவருக்குப் பலவீனம். வைத்தியம் யாருக்கு? வெளியே போகச் சொல்லப்பட்ட கறுப்பருக்கு! எங்கேயாவது உண்டா இது? வயிற்று வலி ஒருத்தருக்கு, கஷாயம் குடிக்கிறது இன்னொருத்தர்.

1881-லே தனிச் சபையே வந்துவிட்டது. 1948-லே நேஷனல் கட்சி ஆட்சியைப் பிடித்தது. ‘அபார்தைட்’ என்கிற இன ஒதுக்கல் கொள்கை அரசாங்கத்தின் கொள்கையாகிவிட்டது. அப்போது பிரதமராக வந்த டி.எஃப்.மலான் யார்? அதே சபையிலே போதகராக இருந்தவர். பாபேல் கோபுரக் கதையிலே கடவுள் மக்களைப் பல மொழியாகப் பிரித்தார் இல்லையா? ஆகவே நாங்களும் பிரிக்கிறோம் என்று வியாக்கியானம் சொன்னார்கள்.

அதன் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949-லே வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்யத் தடை. 1950-லே ஒவ்வொருத்தரும் எந்த இனம் என்று பதிவு செய்யச் சட்டம். யார் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் அதிகாரிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தலைமுடிக்குள்ளே ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒரு இனம், முடியிலேயே நின்றால் வேறு இனம்! ஒரே வீட்டிலே அண்ணனுக்குப் பென்சில் விழும், தம்பிக்கு நிற்கும். நம்ம ஊரிலே பென்சிலை வைத்துப் பிள்ளைக்கு அ, ஆ எழுதிக்கொடுப்போம். அங்கே அதே பென்சிலை வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தை எழுதினார்கள்.

இது ஏதோ தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 1860-லே சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்கிற கப்பலிலே கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் நம்ம மக்கள். டர்பனிலே கேட்டோ மேனர் என்கிற பகுதியிலே தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்தார்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. 1960-களிலே அவர்களைப் பெயர்த்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். முருகனைக் கும்பிட்டவனையும் விடவில்லை, ஏசுவைக் கும்பிட்டவனையும் விடவில்லை. நிறம் ஒன்றுதான் கணக்கு.

கேப்டவுனிலே ‘டிஸ்டிரிக்ட் சிக்ஸ்’ என்று ஒரு பகுதி. எல்லா இனமும் கலந்து வாழ்ந்த இடம். 1966-லே அது வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். சுமார் 60,000 பேரை வெளியேற்றினார்கள். புல்டோசர் வந்தது. தெருத்தெருவாக வீடுகள் விழுந்தன. ஆனால் ஒன்று செய்தார்கள் பாருங்க. மாதா கோயிலையும் மசூதியையும் இடிக்கவில்லை! அவற்றை மட்டும் விட்டுவிட்டார்கள். எவ்வளவு பக்தி! சுற்றி வீடு இல்லை, தெரு இல்லை, பிள்ளைகள் விளையாடிய முற்றம் இல்லை. பொட்டல் காட்டின் நடுவே கோயில் மட்டும் நிற்கிறது. கடவுளின் வீட்டுக்கு மரியாதை, கடவுளின் பிள்ளைகளுடைய வீட்டுக்குப் புல்டோசர்! அம்மா கேட்டார்களே, பால் திரிந்ததா என்று? ஆமாம், திரிந்தது. முழுசாகத் திரிந்தது. நான் மறுக்கவே இல்லை.

ஆனால் நடுவர் அவர்களே, பால் திரிந்த அன்றைக்கு வீட்டிலே நம்ம பெண்கள் என்ன செய்வார்கள்? திரிந்த பாலைப் பார்த்து அழுதுகொண்டா இருப்பார்கள்? பசு கொல்லையிலே கட்டியிருக்கிறது. போய் மறுபடி கறந்துகொண்டு வருவார்கள். திரிந்தது பால், பசு இல்லை! பாத்திரம் சுத்தமாக இல்லாததாலே பால் திரிந்தது. அதற்காகப் பசுவை விற்றுவிடுவோமா? அந்த நாட்டிலே அதே பைபிளிலிருந்து, அதே சபைக்குள்ளிருந்து, மறுபடி கறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

சோஃபியாடவுன் என்கிற கறுப்பர் பகுதியிலே டிரெவர் ஹடில்ஸ்டன் என்று ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் இருந்தார். ஒரு நாள் அவர் ஒரு கறுப்பின அம்மாவைக் கடந்து போகிறார். சமையல் வேலை செய்கிற ஏழை அம்மா. இவர் தலையிலிருந்த தொப்பியைத் தூக்கி அந்த அம்மாவுக்கு மரியாதை செய்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் சம்பவம். அந்த அம்மாவுக்குப் பக்கத்திலே ஒரு சின்னப் பையன் நிற்கிறான். அவனுக்கு ஆச்சரியம். நம்ம அம்மாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைத் தூக்குகிறாரே! அந்தப் பையன்தான் பின்னாலே உலகமே அறிந்த டெஸ்மண்ட் டுட்டு. இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அவர் காசநோயிலே பல மாதம் ஆஸ்பத்திரியிலே கிடந்தபோது, தவறாமல் வந்து பார்த்ததும் அதே ஹடில்ஸ்டன்தான். பிற்காலத்திலே டுட்டு தன் மகனுக்கு டிரெவர் என்று பெயர் வைத்தார். சட்டம் போட்டுப் பிரித்ததை ஒரு தொப்பி சேர்த்துவைத்தது என்றால், பண்பாடு எங்கே திருந்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாராளுமன்றத்திலே இல்லை, தெருவோரத்திலே!

1957-லே அரசாங்கம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையர் பகுதியிலே இருக்கிற கோயிலுக்குக் கறுப்பர் வரக் கூடாது என்று தடுக்க மந்திரிக்கு அதிகாரம். கேப்டவுன் ஆர்ச்பிஷப் ஜெஃப்ரி கிளேட்டன் ஹடில்ஸ்டனைப் போலத் தெருவிலே இறங்குகிற ஆள் இல்லை. ரொம்ப எச்சரிக்கையானவர். சட்டம் ஒழுங்கு என்று பேசுகிறவர். அப்படிப்பட்டவரே உட்கார்ந்து பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறார்: இந்தச் சட்டத்துக்கு நாங்களும் கீழ்ப்படிய முடியாது, கீழ்ப்படியுங்கள் என்று எங்கள் மக்களுக்கும் சொல்ல முடியாது. மார்ச் 6-ஆம் தேதி, சாம்பல் புதன்கிழமை, கையெழுத்துப் போட்டார். மறுநாளே மாரடைப்பிலே காலமானார். அவர் எழுதியதை மற்ற பிஷப்புகள் கைவிடவில்லை. ஐயா, ஒரு மனிதன் கடைசியாகப் போடுகிற கையெழுத்து பெரும்பாலும் உயிலிலேதான் இருக்கும். அவர் சொத்தை எழுதி வைக்கவில்லை. ஒரு ‘முடியாது’ என்பதை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

“ஹடில்ஸ்டனும் கிளேட்டனும் ஆங்கிலேயர்கள், வேறு சபைக்காரர்கள். திரித்த சபையிலிருந்து யார் வந்தார்கள்?” என்று அம்மா கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் ஒரு பெயர்: பேயர்ஸ் நாடே.

1915-லே பிறந்தவர். அப்பா யார் தெரியுமா? ‘புரூடர்பாண்ட்’ என்கிற ஆஃப்ரிகானர் ரகசியச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலே ஒருத்தர். நாட்டையே திரைக்குப் பின்னாலிருந்து நடத்திய சங்கம் அது. மகனும் இருபத்தைந்து வயசிலே அதிலே சேர்ந்தார். டச்சு சீர்திருத்தச் சபையிலே போதகரானார். ஜோகன்னஸ்பர்க்கிலே வசதியான சபை. எல்லாம் கிடைக்கும், வாயை மட்டும் மூடிக்கொண்டு இருந்தால்!

1960 மார்ச் 21. ஷார்ப்வில் என்கிற ஊரிலே, அடையாளப் பாஸ் வைத்திருக்க வேண்டும் என்கிற சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பின மக்கள் மேலே போலீஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள். அந்த டிசம்பரிலே காட்டஸ்லோ என்கிற இடத்திலே சபைகள் எல்லாம் கூடிப் பேசின. கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்திலே ஆதாரம் இல்லை என்று அறிக்கை எழுதின. டச்சு சீர்திருத்தச் சபையிலிருந்து வந்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பிரதமர் வெர்வூர்டுக்குக் கோபம் வந்தது. அவ்வளவுதான்! கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருத்தராகப் பின்வாங்கினார்கள். நாடே மட்டும் பின்வாங்கவில்லை.

1963-லே எல்லா இனத்தாரும் சேர்ந்த ‘கிறிஸ்டியன் இன்ஸ்டிடியூட்’ என்கிற அமைப்பைத் தொடங்கினார். “போதகர் அங்கியா, அந்த அமைப்பா? ஏதாவது ஒன்றுதான்” என்றது சபை. செப்டம்பரிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மக்கள் முன்னாலே நின்றார். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே கடமை என்று பிரசங்கம் செய்தார். அங்கியைக் கழற்றி வைத்தார். வெளியே நடந்தார். நாற்பத்தெட்டு வயசு. மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடப் படித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை போவதைக்கூடத் தாங்கலாம் ஐயா. பழகியவர்கள் தெருவிலே பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறார்களே, அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

1977-லே அரசாங்கம் அவருக்குத் தடை ஆணை போட்டது. ஏழு வருஷம். என்ன தண்டனை தெரியுமா? ஒரே நேரத்திலே ஒருத்தரோடு மட்டும்தான் இருக்கலாம். அவர் சொன்னதை எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது. நடுவர் அவர்களே, ஒருத்தர் முன்னாலே மட்டும்தான் பேசலாம் என்று பட்டிமன்றப் பேச்சாளருக்குத் தண்டனை கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டிலே ஏற்கனவே அந்தச் சட்டம்தான். ஒருத்தர் முன்னாலே மட்டும்தான் பேசலாம். அதுவும் அவர் பேசி முடித்த பிறகு!

சிரிப்பு இருக்கட்டும். அந்தத் தண்டனையின் கொடுமையைப் பாருங்க. பிரசங்கம் செய்வதே வாழ்க்கையாக இருந்த மனிதர். ஏழு வருஷம் வாயைக் கட்டினார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக வீட்டுக்கு வந்தார்கள், ஒருத்தர் ஒருத்தராகவே பேசினார். 1985-லே, டுட்டுவுக்குப் பிறகு, தென்னாப்பிரிக்கச் சபைகளின் கவுன்சிலுக்குப் பொதுச் செயலாளரானார். 1990-லே மண்டேலா விடுதலையாகி, அரசாங்கத்தோடு முதல் பேச்சுவார்த்தைக்கு உட்காருகிறார். அந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் குழுவிலே ஒரே ஒரு ஆஃப்ரிகானர் இருக்கிறார். யார்? ரகசியச் சங்கத்தைத் தொடங்கியவருடைய மகன்! நம்பிக்கை அரசியலைத் திருத்தியதா என்று கேட்டீர்களே, அந்த மேஜையின் எந்தப் பக்கத்து நாற்காலியிலே அவர் உட்கார்ந்தார் என்று பாருங்கள். பதில் அங்கே இருக்கிறது.

இங்கேதான் என் வாதத்தின் மையம். ஒரே பைபிள். மலான் கையிலும் அதுதான், நாடே கையிலும் அதுதான். பின்னே எங்கே வித்தியாசம்? நிற்கிற இடத்திலே! நான் முப்பது வருஷமாகப் பரீட்சைத் தாள் திருத்துகிறவன். ஒரு விதி உண்டு. தாள் எழுதியவன் வீட்டிலே விருந்து சாப்பிட்டுவிட்டு அவன் தாளைத் திருத்தக் கூடாது. சாப்பிட்டால் சிவப்பு மை வற்றிப்போகும்! நம்பிக்கை சிம்மாசனத்துக்குப் பக்கத்திலே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டால் திரிந்துபோகும். சிம்மாசனத்துக்கு எதிரே நின்றால்தான் திருத்தும். தாவீது ராஜா தவறு செய்தபோது நாத்தான் என்கிற தீர்க்கதரிசி எதிரே போய் நின்று, ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, ராஜாவின் வாயாலேயே தீர்ப்பை வாங்கினார் இல்லையா? நம்ம வள்ளுவரும் இடித்துரைக்கிற பெரியவர்கள் அரசனுக்குத் துணையாக வேண்டும் என்று அதற்காக ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

1985-லே தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் ‘கைரோஸ்’ என்று ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அதிலே மூன்று வகை சொன்னார்கள். அரசாங்கம் எது செய்தாலும் ஆசீர்வாதம் செய்கிற சபை ஒன்று. அநியாயத்துக்கும் நியாயத்துக்கும் நடுவிலே நின்றுகொண்டு “ரெண்டு பேரும் சமாதானமாகப் போங்க” என்கிற சபை இரண்டாவது. தவறைத் தவறு என்று எதிரே நின்று சொல்கிற சபை மூன்றாவது. நடுவிலே இருப்பவர் என்றதும் நம்ம நடுவர் என்னை முறைக்கிறார். ஐயா, நீங்கள் கடைசியிலாவது ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லுவீர்கள். அவர்கள் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை!

எதிரே நிற்பது என்றால் அரசாங்கத்துக்கு எதிரே மட்டும்தானா? இல்லை. 1985 ஜூலையிலே டுடூசா என்கிற இடத்திலே ஒரு சவ அடக்கம். போலீசுக்கு உளவு சொன்னவன் என்று ஒருத்தனைப் பிடித்து, உயிரோடு கொளுத்தப் பார்க்கிறது கூட்டம். டுட்டுவின் சொந்த மக்கள், அவர் யாருக்காகப் போராடினாரோ அவர்கள். டுட்டுவும் கூட இருந்த பிஷப்புகளும் கூட்டத்துக்குள்ளே புகுந்து அந்த மனிதனைக் காப்பாற்றினார்கள். நோபல் பரிசு வாங்கிய கை, அன்றைக்கு ஒரு உளவாளி என்று சொல்லப்பட்டவனைப் பிடித்து இழுத்தது. ராஜாவை எதிர்த்தால் கைதட்டல் கிடைக்கும். கைதட்டுகிறவர்களையே எதிர்த்தால்? அதுதான் பரீட்சை.

1994-லே ஆட்சி மாறியது. மண்டேலா ஜனாதிபதி. இனிமேல் நம்ம ஆட்சிதானே என்று டுட்டு போய்ப் பக்கத்திலே உட்கார்ந்தாரா? அதே வருஷம், புது ஆட்சிக்காரர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட பெரிய சம்பளத்தைக் கேலி செய்தார்: பழையவர்கள் ஓட்டிய சொகுசு ரயிலை நிறுத்தியது எதற்கு, தாங்கள் ஏறிக்கொள்ளத்தானா என்று! 2011-லே தன் எண்பதாவது பிறந்தநாளுக்கு தலாய் லாமா வர விசா கொடுக்காமல் இழுத்தடித்தபோதும் ஆளுங்கட்சியைக் கடுமையாகக் கண்டித்தார். 2021 டிசம்பரிலே கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் இடம் மாறவில்லை. சிம்மாசனத்திலே ஆள் மாறினார்கள், சிவப்பு மை மாறவில்லை.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். ஆட்சி மாறிய பிறகு கொலை செய்தவர்களை என்ன செய்வது? அரசியலுக்கு ரெண்டு வழிதான் தெரியும். ஒன்று, எல்லாரையும் தண்டி. இல்லை, எல்லாவற்றையும் மற. 1995-லே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர் முழு உண்மையைச் சொன்னால் பொது மன்னிப்புக் கேட்கலாம். சட்டம் போட்டது அரசியல். தலைவர் நாற்காலியிலே உட்காரவைத்தது யாரை? பாதிரியாரை! ஊதா அங்கியோடு டுட்டு உட்கார்ந்தார். 1996 ஏப்ரலிலே முதல் விசாரணை. ஜெபத்தோடு தொடங்கினார். சித்திரவதைப்பட்டவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, மேஜையிலே தலையைக் கவிழ்த்து அழுதார். ஒரு விசாரணை ஆணையத் தலைவர் அழுவதை உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது என்று நினைக்கிறேன். மனிதன் மற்ற மனிதர்களாலேதான் மனிதன் ஆகிறான் என்று ஆப்பிரிக்கப் பண்பாட்டிலே ‘உபுண்டு’ என்று ஒரு சொல் உண்டு. வேதத்தையும் அந்தச் சொல்லையும் அவர் ஒன்றாகக் குழைத்தார்.

“மன்னிப்பு என்று சொல்லி நியாயத்தைப் புதைத்துவிட்டார்கள்” என்று எதிரணி சொல்லலாம். அந்த வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1977-லே போலீஸ் காவலிலே அடிபட்டுச் செத்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம், இந்தப் பொது மன்னிப்பே கூடாது என்று 1996-லே அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கிலே தோற்றது. அந்தக் குடும்பத்தைப் பார்த்து “ஏன் மன்னிக்கவில்லை?” என்று கேட்க இங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த மன்னிப்பு மலிவுக் கடைச் சரக்கும் இல்லை. ஏழாயிரம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். கிடைத்தது ஆயிரம் பேருக்கும் குறைவு. பிக்கோவின் சாவு தொடர்பாக மனுப் போட்ட போலீஸ்காரர்களுக்கு 1999-லே மறுத்துவிட்டார்கள். உண்மையை முழுசாகச் சொல்லாதவருக்கு மன்னிப்பு இல்லை என்பதுதான் விதி.

1993-லே ஏமி பீல் என்கிற அமெரிக்கப் பெண், இருபத்தாறு வயசு, தேர்தலுக்கு உதவி செய்யவும் படிக்கவும் வந்தவள். குகுலேத்து என்கிற கறுப்பர் குடியிருப்பிலே, வெள்ளைக்காரி என்கிற ஒரே காரணத்துக்காக ஒரு கூட்டம் அடித்துக் குத்திக் கொன்றது. நாலு இளைஞர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்டபோது ஏமியின் அப்பாவும் அம்மாவும் அமெரிக்காவிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கவில்லை. 1998-லே நாலு பேரும் விடுதலை. மகளின் பெயரிலே பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளையிலே, அந்த நாலு பேரிலே ரெண்டு பேர் பிறகு வேலை பார்த்தார்கள். பெற்ற வயிறு இதை எப்படித் தாங்கியது என்று எனக்கு விளங்கவில்லை அம்மா. ஆனால் பழிக்குப் பழி என்று போயிருந்தால் இன்னும் நாலு வயிறு எரிந்திருக்கும். அது மட்டும் விளங்குகிறது.

மணி அடிக்க நடுவர் கையைத் தூக்குகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. திரித்த அந்தச் சபைக்கு என்ன ஆயிற்று? 1990 நவம்பர், ருஸ்டன்பர்க் என்கிற ஊரிலே சபைகளின் மாநாடு. டச்சு சீர்திருத்தச் சபையின் பேராசிரியர் வில்லி யாங்கர் எழுந்தார். “நானும் பாவம் செய்தேன், என் சபையும் செய்தது” என்கிற பொருளிலே எல்லார் முன்னாலும் அறிக்கையிட்டார். டுட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்டால் மன்னிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை என்கிற பொருளிலே ஏற்றுக்கொண்டார். 1994-லே அந்தச் சபையின் மாமன்றம் முன்பு வெளியே போகவைத்த நாடேயை வரவேற்றது. 2004-லே நாடே மறைந்தார். அவருடைய அஸ்தியை எங்கே தூவினார்கள் தெரியுமா? அலெக்சாண்ட்ராவிலே, கறுப்பின மக்களின் குடியிருப்பு மண்ணிலே. உயிரோடு இருக்கும்போது எந்த இனம் எந்த மண்ணிலே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அஸ்திக்குச் சட்டம் போட யாருமில்லை.

எதிரணி அம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் காட்டிய திரிபு உண்மை. ஆனால் அது திரிபு என்று அந்தச் சபைக்கு உள்ளே நின்று சொன்னவருக்கு, அந்தத் தைரியத்தைக் கொடுத்தது எது? அதே நம்பிக்கைதானே! அடுத்த வீட்டுத் தப்பைத் திருத்தப் பெரிய தைரியம் வேண்டியதில்லை. திண்ணையிலே உட்கார்ந்து பேசினால் போதும். தன் அப்பா தொடங்கிய சங்கம், தன்னை வளர்த்த சபை, தன்னோடு சாப்பிட்ட நண்பர்கள், இவர்கள் முன்னாலே நின்று “இது தப்பு” என்று சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் நம்பிக்கை வேண்டும். இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற உங்கள் வீட்டிலும் உங்கள் மதம், உங்கள் சாதி, உங்கள் கட்சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது தப்புச் செய்கிற அன்றைக்கு உங்கள் நம்பிக்கை அதற்குப் பக்கத்திலே உட்காருகிறதா, எதிரே நிற்கிறதா? அதைப் பொறுத்துத்தான் உங்கள் வீட்டிலே இருப்பது பாலா, திரிந்த பாலா என்பது.

ஆகவே நடுவர் அவர்களே, கிறிஸ்தவ நம்பிக்கை எதிரே நின்ற இடத்திலெல்லாம் அரசியலும் பண்பாடும் திருத்தப்பட்டன, திருத்தப்பட்டன, திருத்தப்பட்டனவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமைகிறேன்.